அலெகேனி மாவட்ட நூலகங்கள்: கட்டியது ஒருமுறை, செலவு ஆண்டுதோறும்

பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்கே, மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிறது. அந்நகரும் சுற்றியுள்ள சிற்றூர்களும் புறநகர்களுமாக 130 உள்ளாட்சிகள் கொண்டது அலெகேனி மாவட்டம். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி உலகெங்கும் 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அமெரிக்காவில் அவர் கட்டியவற்றுள் மிகப் பழையவை இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. பிற்காலத்தில் எல்லா ஊர்களுக்கும் அவர் விதித்த விதிகள் எந்தப் பட்டறிவிலிருந்து வந்தன என்பதை இங்கே கட்டடம் கட்டடமாகப் பார்க்க முடியும்.

இந்த ஆய்வுக்குக் காரணமான கேள்வி இதுதான். கொடையாளி ஒருவர். காலம் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குள். கட்டடக் கலைஞர்களும் பெரும்பாலும் ஒரே நிறுவனம். அப்படியிருந்தும் ஒரு நூலகம் இடிக்கப்பட்டது, ஒன்று பூட்டிக் கிடந்து மீண்டது, ஒன்று அருங்காட்சியகமானது, ஒன்று பள்ளிவாசலானது, சில மட்டும் இன்றும் முதல்நாள் போலவே புத்தகம் இரவல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு அழகோ பாணியோ காரணமில்லை. கட்டடத்தை ஓட்ட ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்பட்டது, அதை யார் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள் என்ற இரண்டும் சேர்ந்தே ஒவ்வொரு கட்டடத்தின் தலையெழுத்தையும் தீர்மானித்தன என்பது எங்கள் முடிவு.

1881: பிட்ஸ்பர்க் சொன்ன மறுப்பு

கார்னெகி குடும்பம் 1848-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியது அலெகேனி நகரத்தில். பிட்ஸ்பர்க்குக்கு ஆற்றின் எதிர்க்கரையில் அப்போது தனி நகரமாக இருந்த ஊர் அது. அங்கே கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தம் சொந்தச் சேகரிப்பிலிருந்த சுமார் 400 நூல்களை வேலைக்குப் போகும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்தார். பின்னர் அது நூலகமாக அமைந்தபோது, தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த கார்னெகி 1853-ல் இதை எதிர்த்து உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார், விதி தளர்ந்தது. 'கட்டணமில்லாத நூலகம்' என்ற எண்ணம் அவருக்குள் ஊன்றியது இங்கேதான்.

1881-ல் அவர் பிட்ஸ்பர்க் நகருக்கு 2,50,000 டாலர் தர முன்வந்தார். நகரம் மனை கொடுக்க வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் 15,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்பவை நிபந்தனை. நகரம் மறுத்துவிட்டது. நூலகத்துக்கென வரிப்பணத்தைச் செலவிட மாநிலச் சட்டத்தில் அப்போது நகரங்களுக்கு அதிகாரம் இல்லை. இதைப் பெருந்தன்மைக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடந்த மோதலாகச் சொல்லும் வழக்கம் உண்டு, அது நியாயமில்லை. சட்டத்தில் வழியில்லாத செலவை ஆண்டாண்டுக்கும் தலைமேல் ஏற்றுக்கொள்ள எந்த நகரமன்றத்தாலும் முடியாது. 1887-ல் மாநிலம் சட்டம் இயற்றிய பிறகே பேச்சு மறுபடி தொடங்கியது. 1890-ல் கார்னெகி தொகையை 10,00,000 டாலராக உயர்த்தினார். நகரம் ஆண்டுக்கு 40,000 டாலர் ஒதுக்க ஒப்புக்கொண்டது.

இந்த எண்களை விழுக்காடாக்கிப் பார்க்க வேண்டும். முதல் கோரிக்கையில் பராமரிப்புத் தொகை கொடையில் 6%. இரண்டாவதில் 4%. பிற்காலத்தில் சிற்றூர்களுக்கெல்லாம் அவர் வகுத்த நிலையான விதி 10%. ஒரு கட்டடத்தை ஓட்ட உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதைக் கொடையாளி பட்டறிந்துதான் தெரிந்துகொண்டார் என்பதற்கு இந்த மூன்று எண்களைவிட நல்ல சான்று இல்லை.

பிராடக், 1889: குளித்துவிட்டு மேலே வா

பிட்ஸ்பர்க் மறுத்து, பிறகு ஒப்புக்கொள்ளும் வரையிலான இடைவெளியில், நகரமன்றம் எதையும் கேட்கத் தேவையில்லாத இடத்தில் கார்னெகி கட்டத் தொடங்கினார். பிராடக்கில் 1875 முதல் இயங்கிய எட்கர் தாம்சன் எஃகு ஆலை அவருடையது. 1888-ல் அந்த ஆலையில் 12 மணி நேர ஷிப்ட்டை மறுபடி கொண்டுவருவது பற்றிக் கடும் தகராறு நடந்து, தொழிற்சங்கம் தோற்றது. அடுத்த ஆண்டு, 1889 மார்ச் 30 அன்று, அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் அங்கே திறக்கப்பட்டது. இந்த வரிசையை மறந்துவிட்டுக் கட்டடத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

வில்லியம் ஹால்சி வுட் வரைந்த கட்டடம் அது. முரட்டுக் கல், வட்ட வளைவுகள், கோட்டை போன்ற தோற்றம். உள்ளமைப்பு தோற்றத்தைவிடச் சுவையானது. அடித்தளத்தில் குளியலறைகள். ஆலையிலிருந்து கரியும் எண்ணெயுமாக வெளியே வரும் தொழிலாளி முதலில் அங்கே குளித்துவிட்டுத்தான் மேலே பில்லியர்ட்ஸ் அறைக்கோ வாசக அறைக்கோ போவார். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர்க் குழாயே இல்லாத ஊரில் இந்த அடித்தளம் நூலகத்தின் மிகப் பயனுள்ள பகுதியாக இருந்திருக்கும்.

1893-ல் லாங்ஃபெல்லோ, ஆல்டன், ஹார்லோ நிறுவனம் இதை ஏறக்குறைய இரு மடங்காக்கியது. ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகள் கொண்ட இசை அரங்கு, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டுக்கான சிறு தடம் எல்லாம் சேர்ந்தன. இந்த இடத்தில்தான் கணக்கு மாறுகிறது. வாசக அறையை ஓட்ட நூலகர், விளக்கு, குளிர்காலக் கணப்பு, புத்தகம் வாங்கும் பணம் போதும். நீச்சல் குளத்துக்கோ வெந்நீர் வேண்டும், கொதிகலன் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நீரை வடிகட்டிச் சுழற்றும் முறை பரவலாகாத காலம் அது. குளத்தை வடித்துக் கழுவி மறுபடி நிரப்புவதே வழக்கம். ஈரக்காற்று சுவர் வழியாக ஏறினால் காரை பெயரும், இரும்பு உத்தரம் துருப்பிடிக்கும், பக்கத்து அறையிலுள்ள காகிதம் பூஞ்சை பிடிக்கும். புத்தகமும் வெந்நீர்க் குளமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடத்தில் நடுச்சுவரின் நீர்த்தடுப்பும் தனித்தனிக் காற்றோட்டமும் முதல் கவனிப்புக்கு உரியவை.

ஆலை நன்றாக ஓடியவரை இந்தச் செலவு பெரிதாகத் தெரியவில்லை. 1920-ல் பிராடக்கில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 2,000 பேருக்கும் குறைவு. நூலகம் 1974-ல் மூடப்பட்டது. இடிக்கும் பேச்சு எழுந்தபோது அங்கே கடைசியாகப் பணியாற்றிய நூலகரே முன்னின்று கட்டடத்தை 1 டாலருக்கு வாங்கிக் காத்தார். 1983-ல் ஒரே ஓர் அறையில் குழந்தைகள் நூலகமாக மறுபடி கதவு திறந்தது. முழுக் கட்டடத்தையும் சூடேற்றப் பணமில்லாதபோது ஓர் அறையை மட்டும் பிரித்துச் சூடேற்றி நடத்துவது சரியான முடிவு. ஆனால் அதற்கு முன் மற்றப் பகுதிகளின் நீர்க்குழாய்களை முழுவதும் வடித்துவிட வேண்டும். பிட்ஸ்பர்க் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து, குழாய் பிளந்து, வெயில் வந்ததும் ஒரே நாளில் ஒரு தளத்தின் காரை முழுவதும் விழும். கைவிடப்பட்ட பழைய நூலகங்களில் கூரைக்கு அடுத்தபடியாக அழிவைக் கொண்டுவருவது இதுதான்.

பழைய குளியலறைப் பகுதி பிற்பாடு மட்பாண்டப் பட்டறையானது. தண்ணீர் வடிகாலும் ஓடு பதித்த தரையும் ஏற்கெனவே இருந்த இடம். களிமண் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அறை கட்டடத்தில் வேறில்லை. 2012-ல் இக்கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அலெகேனி நகரம், 1890

பிட்ஸ்பர்க் மறுத்த கொடையைத் தங்களுக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டது எதிர்க்கரை நகரம். 1886-ல் ஒப்பந்தம், 1890 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் வந்து திறந்துவைத்தார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்கு வரைபடம் தந்த ஸ்மித்மேயரும் பெல்ட்ஸும் வரைந்தது. சாம்பல் நிறக் கருங்கல், மணிக்கூண்டு, ஒட்டினாற்போல் இசை அரங்கு. வரிப்பணத்தில் ஓடுவதாக ஒப்புக்கொண்டு தொடங்கிய முதல் கார்னெகி நூலகம் என்பதால், பிற்கால ஒப்பந்தங்களுக்கெல்லாம் முன்மாதிரி பிராடக்கைவிட இதுவே.

1907-ல் அலெகேனி நகரம் பிட்ஸ்பர்க்கோடு இணைக்கப்பட்டது. 1960-களில் சுற்றுப்புறம் முழுவதும் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் இடிக்கப்பட்டபோது நூலகம் தப்பியது. பின்னர் நடந்த 'நவீனப்படுத்தலில்' உள்ளே தாழ்ந்த பொய்க்கூரையும் பலகைச் சுவர்களும் போட்டு, வளைவுகளையும் தூண்தலைகளையும் மறைத்தார்கள். 2006 ஏப்ரலில் மணிக்கூண்டில் இடி விழுந்தது. பெயர்ந்த பெரிய கருங்கல் துண்டு கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. நூலகம் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பவே இல்லை. 2009-ல் பக்கத்திலேயே ஃபெடரல் தெருவில் புதிய, சிறிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடம் 2019 முதல் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவு. அந்த வேலையின்போது பொய்க்கூரையைக் கழற்றியதும் கீழே பழைய அலங்காரத்தில் பெரும்பகுதி மிச்சமிருந்தது தெரிந்தது. உடைந்த ஓரங்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், நல்ல முடிவு.

இடியைக் காரணம் காட்டுவது எளிது. கல்லைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் மணிக்கூண்டு, இசை அரங்கு, உயர்ந்த கூடம் என்று தாங்கிக்கொண்டிருந்த அளவு, ஒரு கிளை நூலகத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. 1890-ல் அது ஒரு நகரத்தின் தலைமை நூலகம். 2006-ல் இன்னொரு நகரத்தின் கிளை.

லாரன்ஸ்வில், 1898: ஒரு மேசையிலிருந்து எல்லாம்

பிட்ஸ்பர்க்கின் தலைமை நூலகம் ஓக்லாண்ட் பகுதியில் 1895 நவம்பர் 5 அன்று திறந்தது. போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த லாங்ஃபெல்லோ, ஆல்டன், ஹார்லோ நிறுவனத்தின் வரைபடம். நூலகம், அருங்காட்சியகம், கலைக்கூடம், இசை அரங்கு நான்கும் ஒரே கட்டடம். வாசல்மேல் 'மக்களுக்கு இலவசம்' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. 1907-ல் அது பெரிதும் விரிவாக்கப்பட்டபோது முன்பிருந்த இரண்டு உயர்ந்த கோபுரங்களும் போய்விட்டன. அக்கட்டடம் பற்றி எழுதியவர்கள் பலர். நூலகக் கலைக்கு அதைவிட முக்கியமானவை அதே நிறுவனம் நகர்ப்பகுதிகளில் கட்டிய சிறு கிளைகள் என்பதால் அவற்றுக்கே இங்கே கூடுதல் இடம்: லாரன்ஸ்வில் 1898, வெஸ்ட் எண்ட், வைலி அவென்யூ 1899, மவுண்ட் வாஷிங்டன், ஹேசல்வுட் 1900, ஈஸ்ட் லிபர்ட்டி 1905, சவுத் சைடு 1909, அதையடுத்து ஹோம்வுட்.

இவற்றுள் முதலாவதான லாரன்ஸ்வில் கிளையின் அமைப்பு இப்படி. தெருவைப் பார்த்து நீண்ட செவ்வகம், நடுவில் வாசல். உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே இரவல் மேசை. ஒரு பக்கம் பெரியவர்கள் வாசக அறை, மறுபக்கம் குழந்தைகளுக்கென்றே திட்டமிட்ட அறை. இடையே கண்ணாடித் தடுப்பு. மேசைக்குப் பின்னால் அரைவட்டமாகப் புத்தகக் கூடம். அலமாரிகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல மேசையை நோக்கி நிற்கும். கீழ்த்தளத்தில் சொற்பொழிவு அறை.

அந்தக் காலத்தில் பெரும்பாலான நூலகங்களில் வாசகர் அலமாரியை நெருங்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். இங்கே வாசகரே அலமாரிக்குள் போய் எடுக்கலாம். கதவைத் திறந்துவிட்டால் கண்காணிப்பு எப்படி என்ற கேள்விக்கு அரைவட்டம் விடை. மேசையில் நிற்கும் ஒரே நூலகருக்கு ஒவ்வோர் இடைவழியின் கடைசி வரை தெரியும். தலையைத் திருப்பினால் கண்ணாடி வழியாக இரு வாசக அறைகளும் தெரியும். ஒரு ஷிப்ட்டுக்கு ஒன்றிரண்டு ஆட்களை வைத்து நூலகத்தை நடத்தலாம். ஊழியர் சம்பளமே எந்த நூலகத்திலும் பெரிய செலவு என்பதால் வரைபடத்தில் செய்த இந்தச் சிக்கனம் ஆண்டாண்டுக்கும் பலன் தந்தது. கிளைகள் நிலைத்ததற்கு எங்கள் கணிப்பில் இது முதன்மைக் காரணம்.

ஆரக்கால் அமைப்பின் குறையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, மேசையிலிருந்து 12 அடி தள்ளி அலமாரிகள் தொடங்கி 28 அடியில் முடிகின்றன என்று கொள்வோம். உள்முனையில் நடுவிலிருந்து நடுவுக்கு 4.5 அடி விட்டால் வெளிமுனையில் அது 10.5 அடியாக விரிந்துவிடும். அரைவட்டத்துக்குள் 16 அடி நீள அலமாரிகள் 8 கொள்ளும். மொத்தம் 128 அடி. அதே ஏறத்தாழ 1,000 சதுர அடியைச் செவ்வகமாக்கி 4.5 அடிக்கு ஒன்றாக இணை வரிசைகள் போட்டு, குறுக்கு வழிகளுக்குக் கால் பங்கு விட்டாலும் 165 அடிக்கு மேல் கிடைக்கும். இருபுறமும் புத்தகம் அடுக்கும் 6 தட்டு அலமாரி, அடிக்கு 8 புத்தகம் என்று வைத்தால் வித்தியாசம் 3,500 புத்தகங்களுக்கு மேல். இன்னொரு சிக்கல், அரைவட்டத்தை நீட்ட முடியாது. செவ்வக அறையின் பின்சுவரை இடித்து நான்கு வரிசை கூட்டலாம். வளைந்த சுவரை இடித்தால் கூரையும் சேர்ந்து போகும். பிற்காலக் கிளைகள் செவ்வகத்துக்குத் திரும்பியதில் வியப்பில்லை. மேசை நடுவில், கண்ணாடித் தடுப்பு, குழந்தைகள் அறை தனி என்ற மூன்றும் அப்படியே தொடர்ந்தன.

குழந்தைகள் அறை என்பது தாழ்ந்த மேசை நாற்காலி போட்டதோடு முடியவில்லை. அதை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று உணர்ந்து, குழந்தைகள் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளியை 1901-ல் பிட்ஸ்பர்க் நூலகமே தொடங்கியது. பிரான்செஸ் ஜென்கின்ஸ் ஆல்காட் அதை வழிநடத்தினார். கதை நேரத்தையும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுசெல்லும் முறையையும் முறையாகக் கற்பித்த இடம் அது.

ஹோம்ஸ்டெட், 1898, பத்து லட்சம் டாலர் பத்திரம்

1892 ஜூலை 6 அன்று கார்னெகியின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிறுவனம் வரவழைத்த பிங்கர்ட்டன் என்ற தனியார் அமைப்பின் காவலர்களுக்கும் நடந்த மோதலில் தொழிலாளர்கள் 7 பேரும் காவலர்கள் 3 பேரும் இறந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, மேலே குன்றில் மன்ஹால் பகுதியில் கார்னெகி நூலகம் திறந்தது. ஆல்டன், ஹார்லோ வரைந்தது; பிரெஞ்சு மறுமலர்ச்சிப் பாணி. நடுவில் நூலகம், ஒரு சிறகில் ஆயிரம் பேருக்கு மேல் அமரும் இசை அரங்கு, மறு சிறகில் நீச்சல் குளத்தோடு விளையாட்டுக் கூடம்.

மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி வாசல் வைத்து, தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் முடிவதாக வரைந்தது பிராடக்கின் ஒட்டுப்போட்ட விரிவாக்கத்தைவிடப் பெரிய முன்னேற்றம். கச்சேரி நடக்கும் இரவில் நூலகத்தைப் பூட்டி வைக்கலாம். இந்தப் பிரிப்பு எவ்வளவு மதிப்புள்ளது என்பது எண்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

இந்த ஆலை ஊர்களின் நூலகங்களுக்கு வரி ஒப்பந்தம் கிடையாது. நிறுவனமே செலவைப் பார்த்துக்கொண்டது. 1901-ல் நிறுவனத்தை விற்று ஓய்வுபெற்றபோது கார்னெகி 50,00,000 டாலர் மதிப்புள்ள 5% வட்டிப் பத்திரங்களை ஒதுக்கினார். அதில் 40 லட்சம் தொழிலாளர் நிவாரணத்துக்கு. 10 லட்சத்தின் வட்டி பிராடக், ஹோம்ஸ்டெட், டூகேன் ஆகிய மூன்று நூலகங்களின் பராமரிப்புக்கு. ஆண்டுக்கு 50,000 டாலர், மூன்றுக்கும் சேர்த்து. அன்றைக்கு அது தாராளமான தொகை. ஆனால் விலைவாசி ஏறும்போது வட்டி தானாக ஏறாது. 1913-க்கும் 1970-க்கும் இடையில் மட்டும் அமெரிக்க நுகர்வோர் விலை ஏறத்தாழ 4 மடங்கானது. சொத்து மதிப்போடு கூடவே வளரும் வரி வருமானத்துக்கும் நிலையான வட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. டூகேன் நூலகம் 1904-ல் திறந்து 1968-ல் இடிக்கப்பட்டது. பிராடக் 1974-ல் மூடியது. மூன்றில் ஹோம்ஸ்டெட் மட்டும் தொடர்ந்து நடந்தது.

கொடையாளியின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்ட கார்னெகி என்ற சிற்றூரும் தனி வைப்புநிதியோடு நூலகமும் இசை அரங்கும் பெற்றது, 1901-ல் திறப்பு. அங்கே மாடியில் உள்நாட்டுப் போர் வீரர்களின் சங்க அறை ஒன்று பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்து, அறைகலனும் படங்களும் குலையாமல் மீண்டது. வரி ஒப்பந்தத்தில் நடந்த மெக்கீஸ்போர்ட் நூலகம் 1902-ல் திறந்தது.

பெர்ட்ராமின் துண்டறிக்கை

கார்னெகியின் செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம் 1911-ல் நூலகக் கட்டடங்கள் பற்றிய குறிப்புகளைத் துண்டறிக்கையாக அச்சிட்டு, பணம் கேட்ட ஊர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஆறு மாதிரி வரைபடங்கள் அதில் வந்தன. செவ்வகக் கட்டடம், அடித்தளமும் ஒரே மேல்தளமும். அடித்தளம் தரைக்குக் கீழே சுமார் 4 அடி; உயரம் 9 முதல் 10 அடி. மேல்தள உயரம் 12 முதல் 15 அடி. பின்பக்க, பக்கவாட்டுச் சன்னல்கள் தரையிலிருந்து சுமார் 6 அடிக்கு மேலே தொடங்க வேண்டும். அப்போதுதான் சுவர் முழுவதும் இடைவிடாமல் அலமாரி வைக்க முடியும். 40-க்கு 25 அடி அறையில் சுற்றளவு 130 அடி. கதவுக்கும் முன்சன்னலுக்கும் 30 அடி போனால் மிச்சம் 100 அடி. 5 தட்டு, அடிக்கு 8 புத்தகம் என்றால் 4,000 புத்தகங்கள் சுவரோரத்திலேயே அடங்கிவிடும். தரை முழுவதும் மேசைகளுக்கு மிச்சம்.

குளியலறை, குளம், பில்லியர்ட்ஸ், இசை அரங்கு எதற்கும் அந்த அறிக்கையில் இடமில்லை. பிராடக்கிலும் ஹோம்ஸ்டெட்டிலும் செய்ததை இனி எந்த ஊரிலும் செய்ய வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். கேட்கும் ஊர், கொடையில் 10%-ஐ ஆண்டுதோறும் வரியிலிருந்து ஒதுக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இந்த ஒப்புதல் இல்லாமல் பணம் வராது.

எவை பழுதாகின்றன

இம்மாவட்டக் கட்டடங்களில் முதல் எதிரி கரிப்புகை. 1946-ல் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வரும்வரை பிட்ஸ்பர்க்கில் நண்பகலிலும் தெருவிளக்கு எரிந்த நாட்கள் உண்டு. ஓக்லாண்ட் கட்டடத்தின் மணற்கல் பல பத்தாண்டுகள் கறுத்தே நின்றது. 1990 வாக்கில்தான் கழுவினார்கள். உள்ளே நடந்த சேதம் கண்ணுக்கு எளிதில் படாது. கோடையில் காற்றுக்காகச் சன்னலைத் திறந்தால் கரித்தூளோடு கந்தக வாயுவும் வரும். தோல் அட்டை அதை உறிஞ்சி, அமிலமாகி, தொட்டால் செம்பொடியாக உதிரும். வெளிச்சுவரைக் கழுவுவதிலும் ஆபத்து உண்டு: மணற்கல்லில் மணல் பீய்ச்சினால் கடினமான மேற்தோல் போய்விடும், அதன்பின் மழைநீர் உள்ளே இறங்கி உறைந்து கல்லை உரிக்கும். குறைந்த அழுத்தத்தில் நீரும், சோதித்துப் பார்த்த கழுவுமருந்துமே பாதுகாப்பு.

இரண்டாவது படிக்கட்டு. அடித்தளத்துக்கு வெளிச்சம் வேண்டி அதைப் பாதி மேலே தூக்கியதால் மேல்தளம் தெருவிலிருந்து 4 அடியோ அதற்கு மேலோ உயர்ந்தது. 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு அந்த 4 அடிக்கு 1:12 சரிவில் 48 அடி சாய்தளம் தேவை. ஒரே ஓட்டத்தில் 30 அங்குலத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பதால் நடுவில் 5 அடி சமதளமும் வேண்டும். நெருக்கமான நகரத் தெருவில் முன்வாசலில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. பக்கவாட்டில் அடித்தள மட்டத்தில் புதிய வாசலும் உள்ளே இரு நிறுத்த மின்தூக்கியும் வைப்பதே நடைமுறைத் தீர்வு. ஆனால் அப்படிச் செய்ததும் நடுமேசையிலிருந்து வாசலைப் பார்க்கும் பழைய அமைப்பு குலைந்துவிடும். மேசையை எங்கே வைப்பது என்பதை மின்தூக்கிக்கு இடம் குறிக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பின்னால் சரிசெய்ய முயன்ற இடங்களில் கூடுதலாக ஓர் ஊழியரை நியமிக்க வேண்டியதாகிறது.

மூன்றாவது எடை. இன்றைய அமெரிக்க விதிப்படி வாசக அறைத் தளம் சதுர அடிக்கு 60 பவுண்டு தாங்கினால் போதும். புத்தக அலமாரி நிற்கும் தளம் 150 பவுண்டு தாங்க வேண்டும். பழைய வாசக அறையில் புத்தகம் பெருகியதென்று அலமாரி வரிசைகளை நடுவில் நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. தளம் உடனே விழாது. மெல்லத் தொய்யும், கீழ்த்தளக் காரையில் விரிசல் காட்டும். சுவரோர அலமாரிக்கு மட்டும் கணக்கிட்ட அறையில் நடுவே எதை வைப்பதென்றாலும் உத்தரங்களைத் திறந்து அளந்துவிட்டே வைக்க வேண்டும். பெரிய நூலகங்களின் பல அடுக்கு இரும்புக் கூடத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல்: அங்கே அலமாரிக் கால்களே மேல் அடுக்குகளைத் தாங்குகின்றன, ஆகவே ஒன்றையும் கழற்ற முடியாது.

இன்றைக்கு யார் கொடுக்கிறார்கள்

1990-களின் தொடக்கத்தில் மாவட்டம் முழுவதும் நூலகங்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி உள்ளாட்சி, தனி வருமானம். பணக்காரப் புறநகரில் புது நூலகம், ஆலை மூடிய ஊரில் பூட்டிய கதவு. 1993-ன் மாநிலச் சட்டம் மாவட்டத்தில் விற்பனை வரியை 1% கூட்ட வழி செய்தது. 1994 முதல் வசூல். அதில் பாதி வட்டாரச் சொத்து மாவட்டம் என்ற அமைப்புக்கு. நூலகம், பூங்கா, அருங்காட்சியகம், விளையாட்டரங்கம் ஆகியவற்றுக்கு அது பங்கிடுகிறது. கால் பங்கு மாவட்ட நிர்வாகத்துக்கு, கால் பங்கு உள்ளாட்சிகளுக்கு. புறநகர்வாசி நகரக் கடையில் செலவழிக்கும் பணத்திலிருந்தும் ஏழை ஊரின் நூலகத்துக்குப் பங்கு கிடைக்கும் ஏற்பாடு இது. அதே காலத்தில் உருவான மாவட்ட நூலகச் சங்கத்தில் 40-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன; ஒரே அட்டை, ஒரே பொதுப் பட்டியல்.

விற்பனை வரி, பொருளாதாரம் சரிந்தால் கூடவே சரியும். 2009 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நூலக நிர்வாகம் லாரன்ஸ்வில், வெஸ்ட் எண்ட் உள்ளிட்ட கிளைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஒரு மேசையிலிருந்து ஓட்டத்தக்க கட்டடத்துக்கும் அந்த ஆண்டு பணம் போதவில்லை. பகுதிவாசிகள் எதிர்த்தார்கள், மூடல் நிறுத்தப்பட்டது. 2011 நவம்பரில் நகர வாக்காளர்கள் நூலகத்துக்கென்றே தனிச் சொத்து வரிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்: 1,000 டாலர் மதிப்புக்கு 25 சென்ட், அதாவது 1,00,000 டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலர். 1881-ல் நகரமன்றம் சட்டமில்லை என்று தள்ளிய செலவை 130 ஆண்டுகள் கழித்து வாக்காளர்களே நேரடியாக ஏற்றுக்கொண்டார்கள். வைலி அவென்யூ கட்டடம் அதற்கு முன்பே கைமாறி இன்று பள்ளிவாசலாக இருக்கிறது. ஈஸ்ட் லிபர்ட்டியின் 1905 கட்டடம் 1960-களிலேயே போய்விட்டது.

இந்தத் தனி வரி பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் மட்டும். பிராடக்கும் ஹோம்ஸ்டெட்டும் எல்லைக்கு வெளியே. அவற்றுக்கு விற்பனை வரியில் சங்கத்தின் வழியாக வரும் பங்கும் நன்கொடையும் சொந்தச் சம்பாத்தியமும்தான். ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடியது. நூலகம் இசை அரங்கில் நிகழ்ச்சிகள் நடத்தி நுழைவுச்சீட்டு விற்கிறது, குளத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் உறுப்பினர் கட்டணம் வாங்குகிறது, அந்த வருமானம் நூலகத்துக்குத் துணை நிற்கிறது. தனி வாசல்கள் இருப்பதால் இரவு பத்து மணி வரை கச்சேரி நடந்தாலும் நடுக்கூடத்தின் விளக்கை ஏற்ற வேண்டியதில்லை.